விட்டுப்போன எட்டு ஊசி

அந்த ஊசி பிள்ளைக்கு இல்லையாம், அவளுக்காம். ஸ்டெல்லா சிஸ்டர் போனை வைத்து ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பிரமுவின் காதுக்குள் இன்னும் அந்தக் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. "பிரமநாயகிதானே? டெலிவரி ஆகி இன்னைக்குப் பதினோரு நாள், ஊசியெல்லாம் ஒழுங்கா போடுறீங்களாம்மா?" கேட்ட கேள்வியைப் பாருங்க. ஏழாம் மாசத்தில் வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்று பிறந்த பிள்ளை, கையிலே வாங்கினதும் குடுத்ததும் ஒரே நாளில் முடிந்துபோச்சு, ஊசியை யாருக்குப் போட? அதைத்தான் அவளும் சொன்னாள், கொஞ்சம் சுருக்கென்றே சொன்னாள். "பிள்ளைதான் இல்லையே சிஸ்டர், பெறகு ஊசி எதுக்கு?" லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அப்புறம்தான் வந்தது, ஆஸ்பத்திரியில் யாரையும் அதட்டிப் பேசாத அந்த சிஸ்டரா இது என்று நினைக்கிற மாதிரி ஒரு சத்தம். "யம்மா, என்ன சொல்லுறீங்க? எத்தனை நாளா போடலை?" நாலாம் நாளிலிருந்து போடலை. "பிள்ளை வயித்துல இருந்தப்ப ரெண்டு பேருக்குமாப் போட்டது. இப்ப உங்களுக்கும்மா. பிள்ளை பெறந்த பெறகு ஆறு வாரத்துக்குத்தான் ரத்தம் ரொம்ப உறையும், மாசமா இருக்கும்போதை விட ஜாஸ்தி. கால் வீங்கியிருக்கா? ரெண்டு காலுமா, ஒத்தைக் காலா?" ஒத்தைக் கால். இடது. "மூச்சு வாங்குதா?" வாங்குது சிஸ்டர், காலையில் மாடி ஏறினப்ப வாங்கிச்சு. "அப்படியே இருங்க. எந்திரிக்காதீங்க, நடக்காதீங்க, காலைத் தேய்க்காதீங்க. ஆம்புலன்ஸுக்கு நானே சொல்லிவிடுறேன், விலாசம் சொல்லுங்க." விலாசத்தைச் சொன்னாள். பெருமாள் கோவிலுக்குப் பின்னால் இருக்கிற தெரு, கீழே மாவு மில், மேல்மாடி என்று அடையாளம்கூடச் சொன்னாள். யாரோ வேறொருத்திக்கு வழி சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

இப்போது தையல் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அசையாதே என்றால் எவ்வளவுக்கு அசையாமல் இருக்கணும், அதைக் கேட்காமல் விட்டோமே. கழுத்தைத் திருப்பலாமா? ஊசிக்கடியில் பாதி தைத்த பிளவுஸ் கிடக்கிறது, மயில்கழுத்து நிறம், இடது கை மூட்டினதோடு நிற்கிறது. அதை எடுத்து ஓரமாக வைக்கக்கூடப் பயம். மிதிகட்டையில் இடது பாதம் இருந்தது, அதை எடுப்பதா வைப்பதா. எடுத்தால் கெண்டைச்சதை இறுகும், இறுகினால் உள்ளே இருக்கிறது நகருமோ? உள்ளே என்ன இருக்கிறது? "காலுல கட்டின ரத்தம் மேல ஏறிரும்மா, நெஞ்சுக்குப் போயிரும்" என்று சிஸ்டர் சொன்னதில் மேல ஏறிரும் என்ற வார்த்தைதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. முந்தாநாளிலிருந்து கெண்டைக்கால் கனத்துக் கிடக்கிறது, தொட்டால் சுடுகிறது, வலது கால் கொலுசு தொளதொளவென்று கிடக்க இடது கால் கொலுசு பதிந்து தடம் போட்டுவிட்டது. அவள் என்ன நினைத்தாள்? மெஷின் மிதிச்சது. ஏழாம் நாளே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தால் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். அத்தை, அதாவது அவளுடைய மாமியார் செல்வடிவு, என்ன நினைத்தாள்? "பச்சை உடம்புட்டி இது, வாதநீர் எறங்குது" என்றாள். இன்றைக்குக் காலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து, அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் இழுத்து இழுத்து நீவிவிட்டாள். கீழேயிருந்து மேலே. ஐயோ. கீழேயிருந்து மேலேதானே நீவினாள்! பாவி மனுஷி எவ்வளவு பாசமாகச் செய்தாள், கண் கலங்கிப்போய்ச் செய்தாள், இவளுக்கும் எவ்வளவு இதமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் அழுத்துங்க அத்தை என்று இவள் வாயாலேயே கேட்டாளே. கேட்ட வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க. இல்லை, அப்படி நினைக்கக்கூடாது, இப்போது கொள்ளி என்ற வார்த்தையே வரக்கூடாது.

மாசானத்துக்குப் போன் பண்ணினாள். அவள் புருஷன், ரைஸ் மில்லில் சூப்பர்வைசர், மெஷின் சத்தத்தில் ரெண்டு தடவை அடித்த பிறகுதான் எடுத்தான். "அத்தான், அந்த ஊசி எனக்காம்." "எந்த ஊசி?" "பிள்ளைக்குப் போட்டோம்லா, அது. நிறுத்தினது தப்பாம். ஆம்புலன்ஸ் வருது." அவன் உமி பறக்கிற இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான் போல. பிறகு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான், "ஆத்துல விட்டுட்டமே பிரமு" என்று. ஆமாம், விட்டாச்சு. யார் விட்டது? அவன் கொண்டுபோய் விட்டான், ஆனால் மூட்டையில் எடுத்து வைத்தது அவள் கைதான், வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. நாலாம் நாள் காலையில், பிள்ளைக்கென்று உள்ள சாமானை வீட்டில் வைத்திருக்கப்படாது, எல்லாத்தையும் கட்டு என்று அத்தை சொன்னாள். பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னால் ஒன்றும் வாங்கக்கூடாது என்பதால் வீட்டில் ஒன்றும் கிடையாது என்றுதான் அத்தை நினைத்திருந்தாள். ஆனால் பிரமு கள்ளத்தனமாகத் தைத்து வைத்திருந்தாள், பிளவுஸ் வெட்டின மிச்சத் துணியிலெல்லாம், உள்ளங்கை அகலத்துக்கு ஒன்பது சட்டை. பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக அவள் எடுக்க எடுக்க அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒன்பது சட்டையும் வைத்தாள், ஸ்கேன் படம் வைத்தாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபைலையும் வைத்தாள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்த்தார்கள். கடைசியில் அந்த மிட்டாய் டப்பா, அதற்குள் பாக்கி ஊசிகள் வரிசையாகப் படுத்திருந்தன. அதையும் தூக்கிச் சட்டைகளுக்கு அடியில் வைத்தாள். ஒரு நொடி யோசிக்கவில்லை. பிள்ளை சாமான்தானே அது, அஞ்சு மாசமாக அந்த வீட்டில் வேறு எப்படி யாராவது அதைச் சொல்லியிருக்கிறார்களா? மாசானம் படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூட்டையை விட்டான். அது உடனே போகவில்லையாம், கொஞ்ச நேரம் அவனையே சுற்றிக்கொண்டு நின்றதாம், வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி அழுதான்.

டாக்டரம்மா சொன்னார்களே, சொல்லாமலா இருப்பார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார்கள், ஆறு வாரம், ஆறு வாரம் என்று விரலைக் காட்டினார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்துக் கட்டிலை. அங்கே ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாள், பிள்ளை வீரிட்டு அழுதது, அந்த அழுகைக்கு இவள் மார்பு நனைந்தது. அந்த நேரத்தில் டாக்டர் சொன்னது எந்தக் காதில் ஏறும். மாசானம் எல்லாத்துக்கும் தலையாட்டினான். ஆறு வாரம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுறாங்க என்று வீட்டில் வந்து சொன்னான், அவனுக்கு ஏறினது அவ்வளவுதான். முதல் ரெண்டும் மூணாம் மாசத்தில் கலைந்துபோனதால், இந்தத் தடவை ஆரம்பத்திலேயே ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா விளக்கம் சொன்னார்கள்: "உன் ரத்தம் சீக்கிரம் உறையுற ரத்தம், பிள்ளைக்குப் போற வழியை அடைச்சிரும், தினம் ஊசி போடணும்." உன் ரத்தம் என்றுதான் சொன்னார்கள். பிள்ளைக்குப் போற வழி என்பது மட்டும்தான் இவர்கள் மனசில் நின்றது. அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு மாசானம் வருவான், தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளிப் பிடிப்பான், கண்ணை மூடிக்கொண்டு குத்துவான். வயிறெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போய்க் கிடந்தது, அதற்கு அவள் ஒரு நாள் முகம் சுளித்தது கிடையாது. மாதுளம்பழம் பிள்ளைக்கு, பால் பிள்ளைக்கு, மத்தியானத் தூக்கம் பிள்ளைக்கு, ஊசியும் பிள்ளைக்கு. பிள்ளை போனதும் மாதுளம்பழம் நின்றது, பால் நின்றது, ஊசி நின்றது. இதில் எது தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தண்ணீர்கூடக் குறைத்துத்தான், வயிறு சரிந்துபோகும் என்று அத்தை டம்ளரை எண்ணித்தான் கொடுக்கிறாள். பால் வற்றணும் என்று மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுகிறாள். நேற்று வைத்த பூ இப்போது துணிக்குள் வாடிக் கசங்கி, எண்ணெயும் பாலும் கலந்து ஒரு வாடை அடிக்கிறது. புதுப் பூ வாங்கத்தான் அத்தை பஜாருக்குப் போயிருக்கிறாள். மல்லிகை வாடையே இனி ஜென்மத்துக்கும் வேண்டாம். ஜென்மத்துக்கும் என்றால் எத்தனை நாளைக்கு?

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள், எடுத்த பிறகுதான் அசையக்கூடாதே என்று நினைவு வந்தது. ஆம்புலன்ஸ்காரன் இல்லை, பொன்மாரி, மயில்கழுத்து பிளவுஸுக்குச் சொந்தக்காரி. "யக்கா, பின் கழுத்து பானை மாடல்னு சொன்னேன்லா, அதை கொஞ்சம் எறக்கி வையுங்க. ரொம்ப இல்ல, எங்க மாமியார் வையாத அளவுக்கு. எப்ப வரட்டும்?" "நாளைக்கு வா" என்றாள் பிரமு. "சாயங்காலம் வாரேன் அப்ப." "ம், வா." வைத்துவிட்டாள். நாளைக்கு வா என்று எந்தத் தைரியத்தில் சொன்னாள்? நாளைக்கு இந்த ஸ்டூலில் யார் உட்கார்ந்திருப்பது? பொன்மாரி வந்து கீழே நின்று யக்கா யக்கா என்று கூப்பிடுவாள், மாவு மில்லுக்காரர் வெளியே வந்து விஷயத்தைச் சொல்லுவார், அவள் ஐயையோ என்று நெஞ்சில் கையை வைப்பாள், அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, பாவம் அவளைச் சொல்லியும் குற்றமில்லை, துணியை எப்படித் திருப்பி வாங்குவது என்று யோசிப்பாள். கழுத்து இன்னும் வெட்டவே இல்லை. வெட்டாத துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கை மூட்டியாச்சே. இதையெல்லாம் இப்போது நினைக்கிறாளே, இவளுக்குப் பைத்தியமா? காலில் எமன் உட்கார்ந்திருக்கிறான், இவள் கைமூட்டை நினைக்கிறாள். ஆனால் நினைக்காமல் இருந்தால் மனசு நேரே மூச்சுக்குத்தான் போகிறது. மூச்சு சரியாகத்தான் வருகிறதா? இழுத்துப் பார்த்தாள். வலது பக்க விலாவில் சுருக்கென்று ஒரு குத்து. முன்னாலேயே இருந்ததா, இப்போதுதான் வருகிறதா? மறுபடி இழுத்தாள், மறுபடி குத்தியது. கொஞ்சமாக இழுத்தாள், குத்தவில்லை. அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாகவே இழுப்போம், ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் கடன் வாங்கின சர்க்கரை மாதிரி சிக்கனமாக இழுப்போம். நாலு மூச்சுக்குள் தலை கிறுகிறுத்தது. பெரிய மூச்சு வேண்டும் என்று உடம்பு கெஞ்சியது.

ஒன்றைச் சொல்லணும், இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மாசானம் மூட்டையோடு படியிறங்கிப் போனானே, அப்போது மாடி ஜன்னலில் நின்று என்னையும் சேர்த்துக் கட்டியிருக்கலாமே என்று நினைத்தாள். சும்மா இல்லை, நிஜமாகவே நினைத்தாள். பிறகு வந்த ராத்திரிகளிலும் காலைகளிலும் அதையேதான் நினைத்தாள், குளிக்கும்போது, உளுந்தங்களியை உருட்டி விழுங்கும்போது, மெஷினில் நூல் கோர்க்கும்போது. சாமி, என்னையும் கூட்டிக்கோ, அது தனியாக இருக்கும், நகம்கூட வளராத பிள்ளை, அதற்கு யார் இருக்கா. தினம் கேட்டாள். இன்றைக்குக் காலையில்கூட விளக்கைப் பார்த்துக் கேட்டாள். இந்தா, கேட்டது காலுக்கு வந்துவிட்டது, மாடிப்படி ஏறி வாசலில் நிற்கிறது, இனி நிம்மதியாகக் கண்ணை மூடவேண்டியதுதானே? கண்ணை மூடமாட்டேன் என்கிறாளே! வேண்டாம் வேண்டாம் என்று அடிவயிற்றிலிருந்து என்னவோ கத்துகிறதே. அவளுக்கு அதிர்ச்சி என்றால் சிஸ்டர் சொன்னது ஒரு அதிர்ச்சி, இது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. சீ, என்ன பொம்பளை நான் என்று வெட்கமாக வந்தது. பதினோரு நாள் அழுததெல்லாம் வேஷமா? வேஷம் இல்லை, சத்தியமாக வேஷம் இல்லை, இப்போதும் அந்தப் பிள்ளைக்கென்று நெஞ்சு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் சாக வேண்டாம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அத்தானுக்காகவா, இல்லை. அத்தைக்காகவா, இல்லை. இனி ஒரு பிள்ளை பிறக்கும் என்றா, அதுவும் இல்லை. சும்மாவே வேண்டாம். வெயில் ஜன்னல் வழியாக மெஷின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது, கீழே மில்லில் யாரோ மிளகாய் வற்றல் திரிக்கிறார்கள், நெடி ஏறித் தும்மல் வரப் பார்க்கிறது. தும்மினால் கட்டி நகர்ந்துவிடுமோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இந்த லட்சணத்தில் அவளுக்கு உயிர் ஆசை. இத்தனை நாளும் ஒரு மனுஷி, அந்த டாக்டரம்மா, இவளைக் கணக்கில் வைத்து ஊசி எழுதியிருக்கிறாள். பிள்ளை இல்லாவிட்டாலும் இவள் இருக்கணும் என்று ஒருத்தி நினைத்திருக்கிறாள். அது இவளுக்குத் தோன்றவே இல்லையே, எப்படித் தோன்றாமல் போச்சு? அதை நினைக்கத்தான் அழுகை வந்தது, அழுதால் மூச்சு முட்டியது, அழுகையை நிறுத்தினாள்.

படியில் செருப்புச் சத்தம். அத்தை. "ஏட்டி பிரமு, இன்னைக்குப் பூ நல்ல மொட்டா கெடச்சுது" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் இவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "அத்தை, கிட்ட வந்து காலைத் தொட்டுராதீங்க" என்றாள் பிரமு. விட்டு விட்டு, மூச்சுக்கு இடம் கொடுத்துக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். காலையில் நீவிவிட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தேய்க்கக்கூடாதாம் என்று மட்டும் சொன்னாள். செல்வடிவு தன் ரெண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். "நான் நல்லதுன்னுதானட்டி செஞ்சேன்" என்றாள். "எனக்குத் தெரியும் அத்தை." அதற்குள் தெருமுனையில் சைரன் கேட்டது, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது, காக்கிச் சட்டையோடு வந்த ஆம்புலன்ஸ்காரர் பையிலிருந்து ஒரு சின்ன கிளிப்பை எடுத்து அவள் விரலில் மாட்டினார், அதில் வந்த நம்பரைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் "ஒண்ணுமில்லம்மா" என்றார். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க்கைப் போட்டார்கள். ஸ்டூலோடு தூக்குவதா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் என்று துணி ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, அந்தக் குறுகலான படியில் தலை மேலே கால் கீழேயாக இறக்கினார்கள். கீழே மாசானம் மேலெல்லாம் உமியும் தவிடுமாக நின்றான். அவள் கையைப் பிடித்தான், கை சில்லென்று இருந்தது, இவள் கையா அவன் கையா என்று தெரியவில்லை.

வண்டி திருநெல்வேலி ரோட்டைப் பிடித்தது. அத்தை கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள், கைகள் ரெண்டையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள். மாசானம் டாக்டரம்மா நம்பருக்கு அடிக்க அடிக்கக் கடைசியில் லைன் கிடைத்தது. வண்டிச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டான். "ஏறியாச்சா? எவ்வளவு நேரத்துல வருவீங்க?" என்று கேட்டார்கள் டாக்டரம்மா. "முக்கா மணி நேரம் மேடம்" என்றான். அவன் கெட்டவன் இல்லை, அவளைக் கைக்குள் வைத்துத் தாங்குகிறவன்தான், பயத்தில் மனுஷனுக்கு வாயில் என்ன வருகிறதோ அது வந்தது. "மேடம், இதனால அடுத்த பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா மேடம்?"

பிரமு அவனைப் பார்த்தாள். இங்கே படுத்திருக்கிறது யார் என்று இன்னும் இவனுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் சொல்லி, அவள் சொல்லி, சைரன் ஊரையே கூட்டிச் சொல்லியும் தெரியவில்லை. போனில் டாக்டரம்மா என்னவோ சொல்ல ஆரம்பித்தார்கள், அதற்குள் அவள் ஒரு கையால் மாஸ்க்கைக் கீழே இறக்கினாள், இன்னொரு கையை நீட்டி அவனிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "யம்மா, மாஸ்க்கை எடுக்காதீங்க" என்று ஆம்புலன்ஸ்காரர் பதறிக்கொண்டு குனிந்தார். விலாவில் குத்தியது, குத்தட்டும் என்று மூச்சை முழுசாக இழுத்தாள்.

"டாக்டரம்மா, பிள்ளையை விடுங்க. நான் பொழைப்பேனா?"

"யாரு பேசுறது?"

"நான்தான். பிரமநாயகி. எனக்குச் சாக இஷ்டம் இல்ல டாக்டரம்மா."